சிவப்புத் துணி அவிழும்வரை

நெறுக், நெறுக், நெறுக். பிறகு ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும் நெறுக், நெறுக், இன்னும் தள்ளி, இன்னும் மெலிந்து, சாலைப் பக்கமாக. யாரோ வாயை மூடிக்கொண்டு கற்கண்டு கடிப்பதுபோல. முப்பது வருஷத்துக்கும் மேலாகிறது. அரைத் தூக்கத்தில் அதைக் கேட்டுவிட்டு, குதிரை என்று நினைத்துக்கொண்டு, கம்பளியைக் காதுவரை இழுத்துப் போர்த்திப் படுத்துவிட்டேன். எங்கள் ஊரில் சவாரிக் குதிரைகளைப் பொழுது சாய்ந்ததும் அவிழ்த்துவிடுவார்கள், அவை கோல்ஃப் மைதானத்துக்குள் வந்து விடியும்வரை மேயும், அதனால் ஜன்னலுக்கு வெளியே எது நடந்தாலும் குதிரைதான். குதிரைக்கு நாலு கால், அதன் சத்தம் இப்படி ஒற்றை ஒற்றையாக விழாது என்று அன்று எனக்குத் தெரியாது. தாவரவியல் படித்திருந்தேன், புல்லின் வேரை மைக்ரோஸ்கோப்பில் பார்த்திருந்தேன், உறைந்த புல்லின்மேல் கால் விழுந்தால் என்ன சத்தம் வரும் என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. இப்போது கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். குதிரை என்றால் உருண்டு வரும் சத்தம். காட்டெருமை என்றால் பீங்கான் உடைகிற மாதிரி, இடையில் பெருமூச்சு. நாய் என்றால் சத்தமே இல்லை, வெறும் தூறல். மனிதக் கால்தான் நெறுக்கென்று அமுக்கி, கொஞ்சம் யோசித்து, அப்புறம் அடுத்ததை வைக்கும். அந்த யோசனைதான் என்னை விடமாட்டேன் என்கிறது. நடுவில் சத்தம் நின்றதே, அது எவ்வளவு நேரம் நின்றது? ஒரு மூச்சா, பத்து மூச்சா? தூக்கத்தில் இருப்பவளுக்கு நேரம் ஏது.

இப்போது ஆறாவது குழிக்குப் பக்கத்தில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அடியில் சாக்கை மடித்துப் போட்டும் குளிர் தொடைவழியாக ஏறுகிறது. எதிரே கிரீன் வெள்ளையாகக் கிடக்கிறது. குழி இருக்கும் இந்த வட்டத்தைத்தான் கிரீன் என்பார்கள், பெயருக்குத்தான் பச்சை. இன்று உப்பளம். ஒவ்வொரு இலையின் விளிம்பிலும் பனி பல் முளைத்து நிற்கிறது. நடுவில் கொடிக்கம்பு, அதில் நான் கட்டிவைத்த சிவப்புத் துணி. இந்தக் கிளப்பில் இது ஒரு வழக்கமாகிவிட்டது, யாரும் எழுதிவைக்கவில்லை: நவமணியம்மா துணியை அவிழ்க்கும்வரை அந்தக் கிரீனில் யாரும் கால் வைக்கக் கூடாது. முந்தின மாலையே கட்டிவிடுவேன், விடிந்து வெயில் வந்து பனி முழுக்க இறங்கியபின் அவிழ்ப்பேன். மற்றக் கிரீன்கள் எல்லாம் மேட்டில், அவற்றுக்கு இந்தப் பாடு இல்லை. ஆறாவது மட்டும் பள்ளத்தில். குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி, கனமானது, சரிவில் இறங்கி வந்து இங்கே குளம்போல் தேங்கும். மூன்று குளிர்காலமாகக் கிரீனில் அங்கங்கே கருகல் விழுந்தது. இந்த வருஷமும் கருகினால் இதை மூடிவிட்டு மேட்டில் புதிதாக ஒன்று போடுவது, பள்ளத்தைக் கார் நிறுத்த விட்டுவிடுவது என்று கமிட்டி முடிவு செய்து வைத்திருக்கிறது. வருகிற வாரம் வந்து பார்க்கிறார்களாம். வரட்டும். இந்தப் புல்லை நான் தயார்செய்து வைத்திருக்கிறேன். பயமில்லை. பயமில்லை என்று இரண்டு தடவை சொல்லிக்கொள்கிறேனே, அதைக் கவனிக்காமல் இல்லை.

ஐப்பசி மழை விட்டதுமே யூரியாவை நிறுத்தினேன். குளிர் வரும் நேரத்தில் புல்லுக்கு யூரியா போடுவது, பயணம் கிளம்புகிறவனுக்கு விருந்து வைப்பதுபோல, தளதளவென்று வளர்ந்து முதல் பனியிலேயே சரிந்துவிடும். பொட்டாஷ் கொடுத்தேன். வெட்டும் மிஷினின் கத்தியைக் கொஞ்சம் தூக்கி வைக்கச் சொன்னேன், இலை கூடுதலாக இருந்தால்தான் வெயிலைச் சேர்த்துவைக்கும். முள்கரண்டியால் தரை முழுக்கத் துளை போட்டு, சலித்த மணலைத் தூவி, தென்னந்துடைப்பத்தால் உள்ளே தள்ளினோம். என்னோடு வேலைசெய்யும் தங்கேஸ்வரிக்கு அதில் முதுகு பிடித்துக்கொண்டது, இன்னும் என்னைத் திட்டுகிறாள். தாழ்ந்த பக்கத்து சைப்ரஸ் வேலியில் ஒரு கதவு அகலத்துக்கு வெட்டி வழி விட்டேன், தேங்குகிற குளிர் அதன்வழியே ஓடை பக்கம் வடிந்துபோகட்டும் என்று. அதற்குத்தான் எத்தனை சிரிப்பு. காற்றுக்கு வாசல் வைக்கிறாள் கிழவி என்று கிளப்பில் பேச்சு. முன்பெல்லாம் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து மிலார் என்ற காட்டுச்செடியை வெட்டி லாரியில் கொண்டுவந்து, பொழுது சாயும்போது கிரீன்மேல் பரப்பி, காலையில் எடுப்பார்கள். அதை நான் நிறுத்திவிட்டேன். மூடியே வளர்த்தால் மூடி இல்லாத முதல் ராத்திரியில் செத்துப்போகும். குளிரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்ட வேண்டும். காட்டினால் புல் தன்னால் ஒரு காரியம் செய்யும், படித்த நாளிலிருந்து எனக்கு அதில் ஆச்சரியம் குறையவில்லை: தன் சாற்றில் சர்க்கரையைக் கூட்டிக்கொள்ளும். இனிப்பான தண்ணீர் அவ்வளவு எளிதில் உறையாது. கசப்பு அல்ல, இனிப்புதான் குளிரைத் தாங்க வைக்கிறது. இதைச் சொன்னால் கவிதை என்பார்கள். கவிதை இல்லை, பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

"ஏனுங்க மேடம், இன்னும் அந்தத் துணிய அவுக்கலீங்களா?" கேப்டன் ரகுநந்தன் வருகிறார். கோயம்புத்தூரில் பம்ப்செட் கம்பெனி வைத்திருப்பவர், இந்த வருஷம் கிளப்புக்குக் கேப்டன், ஆறாவதை மூடிவிடலாம் என்று முதலில் வாய் திறந்தவரும் அவர்தான். கெட்டவர் இல்லை, எல்லாவற்றையும் மோட்டார் மாதிரி நினைப்பவர், சுவிட்சைப் போட்டால் ஓட வேண்டும். இன்று வருஷப் போட்டி. எல்லாக் குழியிலும் ஒரே நேரத்தில் ஆட்டம் தொடங்கும், அவருடைய குழு ஆறாவதிலிருந்து. "வெயில் வரட்டும்" என்கிறேன். "வெயிலு வந்து எத்தன நேரமாச்சுங்க, அங்க பாருங்க" என்று மேட்டைக் காட்டுகிறார். "மேட்டுக்கு வந்திருக்கு. பள்ளத்துக்கு வரல." "கெஸ்டெல்லாம் நடுங்கிட்டு நிக்கறாங்க." "காப்பி குடிக்கச் சொல்லுங்க." "ரெண்டு ரவுண்டு குடிச்சாச்சுங்க." கையைத் தேய்த்துக்கொள்கிறார். "போன வாரம் தண்ணி அடிச்சுப் பனியக் கழுவினீங்கல்லங்க? இன்னிக்கும் அடிச்சா முடிஞ்சுது." அன்று பூஜ்யத்துக்கு மேலே இருந்தது, இன்று கீழே, அடித்தால் அந்தத் தண்ணீரும் சேர்ந்து உறையும், குழாயே உறைந்து கிடக்கிறது, திருகிப் பாருங்கள் என்கிறேன். திருகிப் பார்க்கிறார். நம்பிக்கையில்லாமல் இன்னொரு தடவை திருகுகிறார். பிறகு முகம் மலர்கிறது. "கேன்டீன் பாய்லர்ல வெந்நீரு கொதிக்குதுங்க. நாலு பக்கெட் ஊத்துனா போச்சு!" வேலியோரம் சருகு கூட்டிக்கொண்டிருந்த தங்கேஸ்வரி நிமிர்கிறாள். இலங்கைத் தோட்டத்தில் பிறந்து சிறு பிள்ளையாக இந்த மலைக்கு வந்தவள், பேச்சு மட்டும் இன்னும் கடல் தாண்டி வரவில்லை. "நல்ல யோசன தொர. அப்பிடியே உப்பும் வெங்காயமும் போட்டா கீர கடஞ்சிரலாம். மத்தியானச் சோத்துக்கு ஆச்சு." கேப்டன் சிரித்துவிடுகிறார். நானும். சிரித்தால் மூச்சு வெள்ளையாக வெளியே போய்க் கொஞ்ச நேரம் நிற்கிறது, போக மனமில்லாததுபோல.

போக மனமில்லாததுபோல. எங்கே சுற்றினாலும் அங்கேயே வந்து விழுகிறது நினைப்பு. ஜெயசீலன் என் கணவர். இந்த மைதானத்துப் புல்லுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பாளராக இருந்தார். மேற்கே, வேலிக்கு அந்தப் பக்கம் தெரிகிற ஓட்டு வீடுதான் எங்கள் குவார்ட்டர்ஸ், இப்போதும் நான் அதில்தான் இருக்கிறேன். படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் ஆறாவது கிரீன். உறைபனியில் புல்லை மிதிக்காதே என்று ஊருக்கே சொன்ன மனிதர் அவர். பனி புல்லைக் கொல்வதில்லை, பனியோடு இருக்கும்போது மிதிப்பதுதான் கொல்கிறது, உள்ளே உறைந்திருக்கிற இலை கண்ணாடிபோல நொறுங்கிவிடும் என்று கல்யாணமான புதிதில் எனக்கும் சொன்னார். மிதித்த அன்று ஒன்றும் தெரியாது, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் கால்தடம் கருப்பாக மேலே எழும்பி வரும் என்றார். நான் நம்பவில்லை. ஒரு மார்கழியில் மஸ்கட்டுக்கு விசா வந்தது. இரண்டு வருஷம், அதற்குமேல் ஒரு நாள் இருக்கமாட்டேன் என்றார். மத்தியான பஸ் என்றுதான் பேச்சு. பழுப்புப் பெட்டியில் துணி அடுக்கினேன், ஹார்லிக்ஸ் பாட்டிலில் எலுமிச்சை ஊறுகாய் போட்டு, மூடிக்கு மேல் துணி கட்டினேன். காலையில் எழுந்தபோது பெட்டியும் இல்லை, அவரும் இல்லை. ஊறுகாய் பாட்டில் மேசையிலேயே இருந்தது. விடைபெறும்போது நான் அழுவேன், அதைப் பார்க்க மனமில்லாமல் முதல் பஸ்ஸுக்கே போயிருப்பார் என்று அக்கம்பக்கம் சொன்னது. நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலை வேலைக்காரர்களின் தலைவர் அந்தோணி கதவைத் தட்டினார். "தாயி, கிரீன்ல வந்து பாருங்க." அப்போது கேப்டனாக இருந்தவரிடம் போகாமல் என்னிடம் ஏன் வந்தார் என்று போய்ப் பார்த்ததும் புரிந்தது.

வேலிப் பக்கத்திலிருந்து சாலைப் பக்கம் வரை, கிரீனின் குறுக்காக, கால்தடங்கள். கருநீலம், ஓரங்களில் பழுப்பு. வலதுகால் வெளிப்பக்கம் திரும்பிய தடம். கல்லூரியில் ஃபுட்பால் ஆடி முட்டி பிசகிய நாளிலிருந்து அவருக்கு அந்தக் கால் அப்படித்தான் விழும், மழைநாளில் வாசலில் வரும் ஈரத்தடத்தைப் பார்த்தே நான் காப்பியை அடுப்பில் வைப்பேன். சுற்றிப் போக நல்ல பாதை இருந்தது, ஐம்பதடி கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். அவர் குறுக்கே நடந்திருந்தார். அதுதான் என்னைக் குத்தியது, போனது அல்ல. போகிறவர்கள் போவார்கள். தன் கையால் விதைத்த புல்லை, அதுவும் எல்லோரையும் அதட்டிய அந்தப் பனியிலேயே மிதித்துக்கொண்டு போக வேண்டுமானால், இனி இது என் புல் இல்லை என்று அவர் மனம் எப்போதோ எழுந்து போயிருக்க வேண்டும். பெட்டியை அடுக்கும்போதே போயிருக்கும். ஆனால் கிரீனின் நடுவில், குழிக்குப் பக்கத்தில், இரண்டு தடங்கள் அருகருகே இருந்தன. மற்றவற்றைவிடக் கருப்பாக, ஆழமாக, நெடுநேரம் நின்றதால் பனி உருகி, நசுங்கி. அந்த இரண்டின் விரல்நுனி மட்டும் சாலையைப் பார்க்கவில்லை. மேற்கே திரும்பியிருந்தது. வீட்டைப் பார்த்து. ஜன்னலைப் பார்த்து. அங்கேதான் சத்தம் நின்றது.

"அட, எதுக்குங்க இவ்வளவு யோசன, ஒரு பந்து அடிச்சுக் கைய சூடு பண்ணிக்கறனுங்க" என்று கேப்டன் மட்டையை எடுக்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அடித்தும்விட்டார். பந்து குட்டையாக எழும்பி, வெள்ளைமேல் விழுந்து, ஒரு கருங்கோட்டை இழுத்துக்கொண்டு கம்புக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. நல்ல அடி. அவருக்கே ஆச்சரியம். அந்தச் சந்தோஷத்தில், தெருவில் பந்தாடும் பையனைப்போல, எடுத்துவரக் கிளம்பிவிடுகிறார். "அம்மா, தொர சப்பாத்தோட ஏறுறாரு!" தங்கேஸ்வரி கத்துகிறாள். நெறுக். ஒரே ஒரு நெறுக். "ரகுநந்தன், அப்படியே நில்லுங்க." இந்தக் குரல் எனக்குள் இருப்பது எனக்கே எப்போதாவதுதான் தெரியும். ஒரு கால் கிரீனிலும் ஒரு கால் வெளியிலுமாக நிற்கிறார். "ஒரு பந்துக்குத்தானுங்க..." "கமிட்டி அடுத்த வாரம் வருது. அதுக்குள்ள நீங்க நடக்கிற ஒவ்வொரு தடமும் கருப்பா எழும்பி வந்திருக்கும். உங்க பூட்ஸ் அளவு, அடியில இருக்கிற ஆணி வரிசை, எங்கேருந்து வந்தீங்க, எங்கே போனீங்க எல்லாம். நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம், புல்லே சொல்லும். கிரீனை மூடணும்னு கேட்டவரே மிதிச்சுக் கருக்கினாருன்னு பேச்சு வரும்." அவர் குனிந்து தன் காலைப் பார்க்கிறார். பிறகு மெல்ல, சுவாமி சன்னிதியில் பின்னோக்கி நகர்வதுபோல, காலை எடுத்துக்கொள்கிறார். எடுத்த இடத்தில் பச்சையாக ஒரு பாதம். "ஒரு கால்தானுங்களே" என்கிறார், சின்னக் குரலில். "ஒரு காலுக்கு ஒரு கால் கருகும். நாற்றங்காலிலிருந்து ஒரு துண்டு வெட்டி ஒட்டுவேன். விடுங்க." தங்கேஸ்வரி துடைப்பத்தில் சாய்ந்துகொண்டு, "பெரிய சப்பாத்து, பெரிய துண்டா வெட்டணும்" என்கிறாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பெஞ்சின் மறுமுனையில் வந்து உட்கார்கிறார். சற்றுக் கழித்து, "உண்மையாவே அப்பிடி வருங்களா? ஆளக் கண்டுபிடிக்கற அளவுக்கு?" என்று கேட்கிறார். "வரும்" என்கிறேன்.

அந்தக் கால்தடங்களைப் பச்சையாக்கத்தான் நான் இந்த வேலையைக் கற்றேன். அவர் திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ளுங்கள், படித்தவராக இருக்கிறீர்கள் என்று கிளப்பில் சொன்னார்கள். அந்தோணி வெட்டிக்கொடுக்க, நாற்றங்காலிலிருந்து பாதம் பாதமாகப் புல் கொண்டுவந்து பதித்தேன். சாலைப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து வீட்டுப் பக்கமாக, அவர் போன வழியில் பின்னோக்கி. நடுவிலிருந்த அந்த இரண்டை மட்டும் கோடைமழை வரை விட்டுவைத்தேன். ஜன்னலைத் திறந்திருந்தால்? கூப்பிட்டிருந்தால்? எத்தனையோ குளிர்காலம் இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாகிவிட்டது. திறந்திருந்தாலும் போயிருப்பார். கையசைத்துவிட்டுப் போயிருப்பார், எனக்கு இந்த இரண்டு தடங்கள்கூடக் கிடைத்திருக்காது. ஆனால் இன்று வேறொரு முள் குத்துகிறது: நான் இத்தனை பிடிவாதமாகக் காப்பது புல்லையா, அவர் நின்ற இடத்தையா? மேட்டில் புதுக் கிரீன் போட்டால் எனக்கும் வேலை குறைவுதான். இந்தப் பள்ளத்தில் கார்கள் நின்றால் என்ன? என்ன என்று கேட்டதும் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிடுகிறேன். பொறு. கணக்குப் போட்டுப் பார். ஒரு புல் இலை சில வாரம்தான் இருக்கும். வேரும் வருஷத்துக்கு வருஷம் மாறும். அவர் மிதித்த புல்லில் ஒரு நார்கூட இங்கே இப்போது இல்லை, மேல்மண்ணே என் மணல். இங்கே இருப்பதெல்லாம் நான் வளர்த்தது, நான் குளிருக்குப் பழக்கியது. பள்ளத்தில் புல் வளராது என்று சொன்னவர்களுக்கு முன்னால் வளர்ந்து நிற்பது. இதை இழக்க எனக்கு மனமில்லை, அதற்கு அவர் காரணமில்லை. சொல்லிப் பார்க்கிறேன். நாக்கில் பொய்யின் ருசி இல்லை. கொஞ்சம் இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

வெயில் வருகிறது. மேட்டிலிருந்து ஒரு கோடாக, யாரோ போர்வையை மெதுவாக உருவுவதுபோல. கிரீனை ஒட்டிய பங்கர் என்கிற மணல்குழியைத் தொட்டது. கிரீனின் கிழக்கு விளிம்பைத் தொட்டது. தொட்ட இடத்தில் வெள்ளை முதலில் சாம்பலாகி, பிறகு ஈரமாகி, பிறகு ஒவ்வொரு இலை நுனியிலும் ஒரு சொட்டு. வேலியில் நான் வெட்டிவிட்ட வாசல்வழியாக ஆவி மெல்லக் கீழே வழிந்து ஓடைப் பக்கம் போகிறது. "புகை போவுது பாருங்க, காத்து வாசல் கண்டுக்கிச்சு" என்கிறாள் தங்கேஸ்வரி, தானே வெட்டியதுபோல. கேப்டன் எழுந்து நிற்கிறார். வெள்ளைக்கு அடியிலிருந்து என்ன நிறம் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்க்கிறேன். வருகிறது. தளதளப்பான பச்சை இல்லை, பனிக்காலத்துக்குரிய இறுகிய பச்சை, கொஞ்சம் நீலம் கலந்தது. மூன்று வருஷம் கருகிய அந்த வடக்கு மூலையிலும் அதே பச்சை. கேப்டன் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "இது போன வருசம் தார் ஊத்துன மாதிரி கெடந்துச்சேங்க" என்கிறார். "ஆமா." "மேட்டுல புதுசா ஒண்ணு போடறத... அத அப்பறம் பாத்துக்கலாமுங்க." "அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறேன் நானும். கோடு குழியைத் தாண்டி மேற்கு விளிம்பை எட்டுகிறது.

செருப்பைக் கழற்றிவிட்டுக் கிரீனில் காலை வைக்கிறேன். சத்தம் இல்லை. ஈரம், குளிர், பாதத்தின் கீழே கொஞ்சம் வளைந்து, எடுத்ததும் எழுந்துகொள்கிறது. நடுவரைக்கும் நடக்கிறேன். கம்பிலிருந்து துணியை அவிழ்க்கிறேன், முடிச்சு விறைத்துப்போயிருக்கிறது, பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. கேப்டனின் பந்தை எடுத்து அவரிடம் வீசுகிறேன், பிடித்துக்கொள்கிறார். திரும்பும்போது வீடு தெரிகிறது. ஜன்னல் மூடியிருக்கிறது, காலையில் நான்தான் மூடிவிட்டு வந்தேன். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேனா என்றால், நின்றேன். பிறகு, "ஆடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டேன்.

ஜெயசீலன் மஸ்கட்டுக்கு வெளியே ஒரு கோல்ஃப் மைதானத்தில் வேலை பார்த்தார். அங்கே அப்போது புல் கிடையாது. கிரீன் என்றால் எண்ணெய் கலந்து இறுக்கிய மணல்தான். ஒவ்வொரு குழுவும் ஆடி முடித்துப் போனதும் அதன்மேல் பலகையை இழுத்துக் கால்தடங்களை அழிப்பது அவர் பொறுப்பு. ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை. பதினோராவது வருஷம், ஒரு ஜூன் மாதத்து மத்தியானம், நெஞ்சுவலி வந்து இறந்தார். அங்கேயே அடக்கம் செய்தார்கள்.